நாலு வருடம், நாலு கம்பெனி. இனி பிரைவேட் ஈக்விட்டிக்குப் போக முடியுமா?

கீழக்கரையிலிருந்து மும்பைக்குப் போன ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 29, சி.ஏ. முடித்தவர். அவருடைய வாப்பா நண்டு வியாபாரி. நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டு எடுத்து மண்டபம் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பவர். மற்றவர்களுக்காக முதலில் மூன்று சொல்: பெரிய முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தைக் கம்பெனிகளின் பங்கில் போட்டு, வளர்த்து விற்பது பிரைவேட் ஈக்விட்டி, அப்படித் திரட்டி நடத்துவதுதான் ஃபண்ட். கம்பெனிகளின் விற்பனையையும் நிதி திரட்டலையும் கட்டணத்துக்கு நடத்திக் கொடுப்பது இன்வெஸ்ட்மென்ட் பேங்க். வாங்குவதற்கு முன் ஒரு கம்பெனியின் கணக்கைத் துருவிப் பார்ப்பது டியூ டிலிஜென்ஸ். தம்பியின் கேள்வி இதுதான்: "காக்கா, சென்னையில் ஓர் ஆடிட் கம்பெனியின் டியூ டிலிஜென்ஸ் பிரிவில் 14 மாதம் இருந்தேன். அப்புறம் ஒரு சின்ன இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் 10 மாதம், அந்த டீமையே மூடிவிட்டார்கள். மும்பையில் வேறொரு பேங்கில் 16 மாதம், சம்பளம் கூடக் கிடைத்ததால் மாறினேன். இப்போதைய இடத்தில் 8 மாதம். பிரைவேட் ஈக்விட்டிக்குப் போகத்தான் ஆசை, ஆனால் இரண்டு ஃபண்டில் முதல் பேச்சோடு நின்றுவிட்டது. அந்த 10 மாதத்தை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடலாமா? எம்.பி.ஏ. செய்தால் இதெல்லாம் மறைந்துவிடுமா?"

முதலில் ரெஸ்யூமே. எடுக்காதே தம்பி, ஒரு மாதத்தைக்கூட எடுக்காதே. நீ எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தாய், எப்போது விலகினாய் என்பது வருங்கால வைப்பு நிதிப் பதிவில் உன் யு.ஏ.என். என்ற நிரந்தர எண்ணுக்குக் கீழே வரிசையாக இருக்கிறது, யார் சம்பளத்தில் வரி பிடித்தார்கள் என்பது வருமான வரித் துறையின் வரிப் பிடித்தப் பதிவில் இருக்கிறது. பின்னணி சரிபார்ப்பவர்கள் கேட்பதே இந்த இரண்டையும்தான். இதையெல்லாம் விட, ஃபண்டில் இருப்பவர்கள் நீ கொடுக்கும் ரெஃபரன்ஸோடு நிற்க மாட்டார்கள், உன் பழைய டீமில் தங்களுக்குத் தெரிந்த ஒருவரை அமைதியாகப் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் பதினோரு வருடம் ஒரு ஃபண்டில் இருந்தபோது எத்தனையோ பேரை நேர்காணல் செய்திருக்கிறேன். அடிக்கடி மாறியவர்களை எடுத்திருக்கிறோம். மறைத்தவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை.

சரி, எத்தனை முறை மாறினாய் என்பதில் ஃபண்டுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? பேங்கில் ஒரு டீல் முடிந்தால் கட்டணம் வந்துவிடும், அடுத்த வேலைக்குப் போய்விடலாம். ஃபண்டில் பணம் போட்ட அன்றுதான் வேலை ஆரம்பிக்கிறது. வழக்கமான ஃபண்டின் ஆயுள் 10 வருடம் என்று வைத்துக்கொள். முதல் ஐந்து வருடம் பணம் போடுவார்கள், அதற்குப் பிறகு வளர்த்து விற்பார்கள். சென்னையின் ஃபைவ் ஸ்டார் பிசினஸ் ஃபைனான்ஸ் நம் கண்முன்னே நடந்த உதாரணம்: சின்னக் கடைக்காரர்களுக்குச் சொத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்கும் கம்பெனி, மேட்ரிக்ஸ் என்ற ஃபண்ட் 2014இல் உள்ளே வந்தது, கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது 2022 நவம்பரில். அத்தனை வருடமும் கம்பெனியைத் தொடங்கி நடத்தும் ப்ரமோட்டரோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். டீமிலோ மொத்தமே பத்துப் பதினைந்து பேர்தான், அதில் ஒருவர் எட்டாவது மாதம் கிளம்பினால் அவர் கையில் இருந்த இரண்டு கம்பெனிகளின் கதையும் அவரோடு போய்விடும்.

உனக்கு இது புதிதில்லை, நம் கரையில் பார்த்ததுதான். விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போகத்தான் மிச்சத்தில் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. ஃபண்டிலும் முதலீட்டாளருக்கு அவர் போட்ட அசல் முதலில் திரும்பிப் போகும், அதற்கு மேல் வழக்கமாக வருடம் 8 சதவீதம் போகும், அதையும் தாண்டினால்தான் லாபத்தில் ஃபண்டை நடத்துபவர்களுக்கு 20 சதவீதம் வரும். அதற்குப் பெயர் கேரி. சீசன் முழுக்க இருப்பவனுக்குத்தான் பங்கு கணக்குக்கு வரும். முன்பணம் வாங்கிக்கொண்டு படகு மாறிக்கொண்டே இருக்கிற ஆளைப் படகின் உரிமையாளரான சம்மாட்டி ஏற்றுவதற்கு முன்னால் ஒன்றுதான் கேட்பார்: "எந்தப் படகுல இருந்த, ஏன் இறங்குன?" அந்த இரண்டு ஃபண்டும் உன்னிடம் கேட்க நினைத்தது இதைத்தான், நீ எக்செல்லில் கணிப்புக் கணக்கு, அதாவது மாடல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஆகவே உன் ரெஸ்யூமேயில் உண்மையான ஓட்டை எண்ணிக்கை இல்லை. நீ ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்த டீல் எது? 10 மாதத்திலும் 16 மாதத்திலும் ஒரு விற்பனையோ நிதி திரட்டலோ, அந்த வேலையைப் பேங்குக்குக் கொடுக்கும் மேண்டேட் கையெழுத்தானதிலிருந்து பணம் வங்கியில் வந்து விழும் வரை ஓடி முடிவது கடினம். நடுவில் ஏறி நடுவில் இறங்கிய ஆளாகத்தான் தெரிவாய். என் அபிப்ராயம், இப்போது எந்த ஃபண்டுக்கும் விண்ணப்பிக்காதே. இந்த இடத்தில் இன்னும் ஒரு வருடமாவது இரு, இரண்டு வருடம் நிறைந்தால் இன்னும் நல்லது. அதற்குள் ஒரே ஒரு டீலையாவது முழுசாக முடி: வாங்க வருபவருக்குக் கம்பெனியை விளக்கும் இன்ஃபர்மேஷன் மெமோரண்டம் எழுதுவது, அவர் ஆராய வேண்டிய ஆவணங்களைச் சேர்த்து டேட்டா ரூமைக் கட்டுவது, வாங்க வருபவரின் ஆடிட்டர் கேள்விகளுக்குப் பதில் கொடுப்பது, பங்குதாரர் ஒப்பந்தத்தில் ப்ரமோட்டர் எந்த வரியில் முரண்டு பிடித்தார் என்று பார்ப்பது. அந்தக் கடைசி விஷயத்தை யாரும் வகுப்பில் சொல்லித் தர மாட்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலான டீல்களில் ஃபண்ட் முழுக் கம்பெனியையும் வாங்குவதில்லை, ஒரு பகுதிப் பங்கைத்தான் வாங்குகிறது. அதனால் பிற்பாடு வெளியேறும் உரிமை, எதை வீட்டோ செய்யலாம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தின் வரிகளில்தான் இருக்கிறது.

மாறியதற்கான காரணம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும். கணக்கைத் துருவிப் பார்க்கும் இடத்திலிருந்து டீலை நடத்தும் இடத்துக்கு வந்தேன். டீம் மூடப்பட்டது. மூன்றாவதில் சம்பளத்துக்காக மாறினேன். ஆமாம், அதை அப்படியே சொல். வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பிள்ளை சம்பளம் பார்த்து மாறியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைக் "கற்றல் வாய்ப்பு" என்று பூசி மெழுகும்போதுதான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். பழைய இடங்களைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லாதே.

அப்புறம், உன் கையில் இருக்கும் பெரிய சரக்கை நீயே கவனிக்கவில்லை. அந்த முதல் 14 மாதம். லாபம் உண்மையான லாபமா, ஒருமுறை வந்த வருமானத்தை வழக்கமான வருமானம் என்று காட்டியிருக்கிறார்களா, அன்றாடத் தொழிலில் சுழலும் நடைமுறை மூலதனம் வருடக் கடைசியில் மட்டும் அழகாகத் தெரிகிறதா என்று தோண்டியவன் நீ. பேங்கில் மட்டும் வளர்ந்தவர்கள் விற்கும் பக்கத்திலிருந்தே கணக்கைப் பார்ப்பார்கள், உனக்கு வாங்கும் பக்கத்துக் கண் இருக்கிறது.

இன்னொன்று உன் வீட்டிலேயே இருக்கிறது, வாப்பாவின் நோட்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ராத்திரி அதை வைத்துக்கொண்டு உட்கார். எத்தனை படகுக்கு முன்பணம் போயிருக்கிறது, அதில் எவ்வளவு திரும்பாது, ஐஸுக்கு என்ன ஆகிறது, கம்பெனி எத்தனை நாள் கழித்துக் காசு தருகிறது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது கரையில் விலை என்ன ஆனது, அந்த அடி யார் தலையில் விழுந்தது. இதை எக்செல்லில் ஒரு பக்கத்தில் கொண்டு வா. நேர்காணலில் கேஸ் ஸ்டடி கொடுத்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மாடல் போடச் சொல்வார்கள், அது எல்லாரும் பயிற்சி செய்து வருவதுதான். "இந்தத் தொழிலில் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?" என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நான் எடுத்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பதிலால்தான் வந்தார்கள்.

அந்த ஒரு டீலை முடித்த பிறகு எங்கே விண்ணப்பம் போடலாம்? உலகப் பெரிய ஃபண்டுகளின் மும்பை அலுவலகங்களை இப்போதைக்கு விட்டுவிடு, அங்கே ஒரு இடத்துக்கு நேர்க்கோட்டு ரெஸ்யூமே வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். நடுத்தர அளவு இந்திய ஃபண்டுகள், ஒரே துறையில் பணம் போடும் ஃபண்டுகள், கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரைவேட் கிரெடிட் ஃபண்டுகள், பெரிய குடும்பங்களின் முதலீட்டு அலுவலகங்கள், இங்கெல்லாம் உன் மாதிரி ஆளுக்கு இடம் உண்டு. ஃபண்ட் ஏற்கெனவே பணம் போட்டிருக்கும் கம்பெனியில் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ.வுக்குக் கீழே சேர்ந்து மூன்று வருடம் இருந்துவிட்டு ஃபண்டுக்குள் போனவர்களையும் எனக்குத் தெரியும். சுற்றுவழிதான், ஆனால் உன் ரெஸ்யூமேக்கு வேண்டிய நீண்ட இருப்பும் அதிலேயே கிடைத்துவிடும்.

எம்.பி.ஏ. வேண்டாம். சி.ஏ. இருக்கிறது, 29 வயது ஆகிவிட்டது, இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுப் படித்து வந்தாலும் பழைய நாலு வரியும் ரெஸ்யூமேயில் அப்படியே இருக்கும்.

ஆஃபர் வந்தால் நீயும் கேட்க வேண்டியது இருக்கிறது, இதைக் கேட்காமல் நான் என் முதல் ஃபண்டில் மாட்டிக்கொண்டேன். இந்த ஃபண்ட் எந்த வருடம் பணம் திரட்டியது, போடுவதற்கு இன்னும் எவ்வளவு மிச்சம், அடுத்த ஃபண்டுக்குப் பழைய முதலீட்டாளர்கள் திரும்பி வருகிறார்களா? நான் சேர்ந்தபோது பணம் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது, புதிய ஃபண்ட் திரளவில்லை, ஒன்றரை வருடத்தில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. உனக்கு அப்படி நடந்தால் அது ஐந்தாவது மாற்றமாகக் கணக்கில் ஏறும். கேரி எத்தனை வருடத்தில் முழுசாகக் கைக்கு வரும், நடுவில் போனால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்கு.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வைப்பு நிதி இணையதளத்தில் உள்ளே போய் உன் பணி வரலாற்றைத் திற. மூடப்பட்ட டீம் என்றாயே, அந்தக் கம்பெனி நீ விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி விட்டிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகக் காட்டும். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை நீயே அங்கே பதிந்துகொள்ளலாம். ரெஸ்யூமேயில் இருக்கும் தேதியும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.