புயல் மேகம் மூடியிருக்கும்போது கரையோர வெள்ளத்தைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரேடார் செயற்கைக்கோளுக்குச் சூரிய ஒளி தேவையில்லை. தானே நுண்ணலையைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ.; மேகத்துளிகள் அதைவிட மிகமிகச் சிறியவை என்பதால் அலை ஊடுருவிவிடும். இருட்டில் கண்ணாடி மேல் சாய்வாக டார்ச் அடித்தால் ஒளி எதிர்ப்பக்கம் ஓடிவிடும், கண்ணாடி கறுப்பாகத் தெரியும். அசையாத நீரும் அப்படித்தான். 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா பகுதியைத் தாக்கியபோது வெள்ளப்பரப்பை வரைந்தது இப்படித்தான்.

புதிதாகக் கறுத்த இடத்தை அறிய, புயலுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடுவார்கள்; அதுவும் அதே சுற்றுப்பாதையில் எடுத்ததாக இருக்கவேண்டும். கோணம் மாறினால் ஒப்பீடே கெட்டுவிடும். காற்று நீரைக் கலக்கினால் வெள்ளமும் வெளிறித் தெரியும், அது வேறு தொல்லை.

கறுப்பெல்லாம் வெள்ளம் என்று நினைப்பவர்கள் அதிகம். விமான ஓடுபாதையும் கறுப்பாகவே தெரியும். இலையடர்த்தி குறைந்த மரங்களுக்கிடையே நிற்கும் நீரோ, ரேடார் அலை நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால், பளிச்சென்று தெரியலாம்.