பூச்சிக்குப் பின்னால் போனால் சோறு கிடைக்குமா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். வண்ணத்துப்பூச்சி, தும்பி, தேனீ என்றால் எனக்கு உயிர். நம்ம ஊர்ப் பூச்சிகளைப் பாதுகாக்கிற ஆராய்ச்சியாளராக வர ஆசை. வீட்டில் "டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை பூச்சிக்குப் பின்னால் போறதோ" என்று சிரிக்கிறார்கள். இதற்கு வேலை இருக்கிறதா?
– மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: இருக்கிறது பிள்ளை, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. "பூச்சிப் பாதுகாவலர் தேவை" என்று பேப்பரில் விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும். பூச்சியியல் படித்தவர்கள் வேறு வேறு கதவுகளால்தான் உள்ளே போகிறார்கள். விவசாயத் திணைக்களத்தில் பீடை ஆராய்ச்சி, கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்பு (வெளிநாட்டுச் செடிகளோடு பீடைகள் உள்ளே வராமல் பார்க்கிற வேலை), கம்பஸில் விரிவுரை, மலேரியாத் தடை இயக்கம். கடைசியாகச் சொன்னதைச் சின்னதாக நினைக்காதே. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, அதே வருடக் கடைசியிலேயே மன்னாரில் இந்தியாவிலிருந்து வந்த புது மலேரியா நுளம்பு ஒன்றைக் கிணறுகளுக்குள் கண்டுபிடித்தார்கள். நுளம்புப் புழுவை அள்ளிப் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தபடியால்தான் அது பிடிபட்டது.

படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் செய்யலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமே இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் உயிரியல் விஞ்ஞானம் படிக்கலாம். அப்புறம் முதுமாணிக்குப் பேராதனை. என்னைக் கேட்டால், சம்பளத்தை யோசிக்கிற வீடென்றால் விவசாயம் நல்லது, பூச்சிகளுக்கான ஆசை அதற்குள்ளேயே வளரும்.

ஆனால் ஆசை மட்டும் போதாது, கண் பழக வேண்டும். மாரி நேரம் வளவுக்குள் கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளியும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி பறக்கும், பார்த்திருப்பாய். அதன் உடம்பைப் பார். உடம்பும் சிவப்பென்றால் அதன் புழு ஆடுதின்னாப்பாளையோ பெருமருந்துக் கொடியோ தின்று வளர்ந்தது, அந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் குருவிகள் அதைத் தொடுவதில்லை. உடம்பு கறுப்பென்றால் அது வேறு இனத்துப் பெண், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளர்ந்தது. நஞ்சுள்ளதைப் போல வேஷம் போட்டுத் தப்புகிறது. இனி அந்தக் கொடியைக் களை என்று வளவுகளில் எல்லோரும் பிடுங்கி எறிந்தால் அங்கே முதலில் போவது எது? இந்தத் தொழிலில் முக்கால்வாசியும் இப்படிப்பட்ட கேள்விகள்தான், வலையோடு ஓடுவது கொஞ்சம்தான்.

கேள்வி: மகள் இதைப் படித்தால் காடு மேடெல்லாம் தனியாகத் திரிய வேண்டி வருமோ?
– ஒரு தாய், நெடுங்கேணி

பதில்: தனியாக யாரும் போவதில்லை அம்மா, போகவும் கூடாது. யானை நடமாடுகிற நேரம், கண்ணிவெடிப் பலகை போட்ட இடம், இரண்டும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றும்படி வேலையில் பெரும்பகுதி நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தியிருப்பதுதான். முதுகுவலிக்குத்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி: பூச்சியைப் பாதுகாக்கச் சொல்கிறீர்கள். காலபோகத்தில் தத்தி விழுந்து வயல் வட்டம் வட்டமாக எரிந்துபோனது, மருந்தடித்தும் கூடியதே தவிரக் குறையவில்லை. இதையும் பாதுகாக்கவோ?
– விவசாயி, கண்டாவளை

பதில்: தத்தியை இல்லை ஐயா, தத்தியைத் தின்கிறதை. நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற இந்தக் கபில நிறத் தத்தி நிற்பது பயிரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே. நீங்கள் மேலால் அடிக்கிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது, மடலுக்குள் இட்ட முட்டையைத் தொடவே தொடாது. ஆனால் மேலே திரிகிற சிலந்தியும், தத்தி முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற சின்னப் பச்சை மூட்டுப்பூச்சியும் செத்துப்போகும். முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லாத வயல்! யூரியாவும் கூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுத்த முறை அடிக்க முதல் நாலைந்து இடத்தில் பயிரை விரித்து அடியைப் பாருங்கள். சிலந்தி நிறையக் கண்டால் கொஞ்சம் பொறுத்து, விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

கேள்வி: அழிந்துபோன பூச்சியை யாராவது திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்களா?
– வாசகர், மாங்குளம்

பதில்: பிரித்தானியாவில் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979இல் முற்றாக அழிந்தது. பிடிக்கிறவர்களால்தான் குறைகிறது என்று முதலில் வேலி போட்டுக் காத்தார்கள், வேலி போட்டும் குறைந்தது. ஜெரமி தோமஸ் என்கிற ஆராய்ச்சியாளர் வருடக்கணக்கில் புல்லுக்குள் கிடந்து பார்த்துக் காரணத்தைப் பிடித்தார். அதன் புழுவை ஒருவகைச் சிவப்பு எறும்பு தன் புற்றுக்குள் தூக்கிப்போகிறது, புழு அங்கே எறும்புக் குஞ்சைத் தின்று வளர்கிறது. அந்த எறும்புக்கு வெயில் படுகிற கட்டைப்புல் நிலம் வேண்டும். மாடும் ஆடும் மேயாமல், முயலும் நோயில் குறைந்து, புல் உயர்ந்ததும் நிலம் குளிர்ந்து எறும்பு போய்விட்டது, பின்னால் வண்ணத்துப்பூச்சியும் போனது. மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983இல் சுவீடனிலிருந்து அதே இனத்தை எடுத்துவந்து விட்டார்கள், இப்போது நன்றாகப் பறக்கிறது. வேலி போட்ட நல்ல மனிதர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்கு மாணவர்கள் வண்ணத்துப்பூச்சி பிடித்து ஊசி குத்தி வைக்கலாமா?
– ஆசிரியர், முள்ளியவளை

பதில்: வேண்டாம் சேர். தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பல இனங்களைத் தொடவே முடியாது, ஆராய்ச்சிக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2020இல் யாலவில் போத்தல்களில் பூச்சி சேர்த்த இத்தாலிய தந்தைக்கும் மகனுக்கும் 2024இல் 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தார்கள். போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், சிறகின் மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, இருந்த செடி ஒன்று. இடமும் திகதியும் எழுதி அனுப்பினால் நாங்களும் போடுகிறோம்.