மகனுக்கு பிரஷர் கூட, மகளுக்கு குறைய, ஒரு வயசுதான் வித்தியாசம். பயப்படணுமா?

அக்கா, 15 வயசு மகனுக்கு 128/76, 14 வயசு மகளுக்கு 98/62, ஒரே சட்டிச் சோறு சாப்பிடுற புள்ளையளுக்கு ஏன் இப்பிடி எண்டு கேட்டிருக்கீங்க. நான் அம்பாறை கரையோரப் பக்கம் நேர்ஸா வேலை செய்றன், இந்தக் கேள்விய தாய்மார் அடிக்கடி கேக்கிறவங்க.

சின்ன வயசில ஆம்புளப் புள்ள பொம்புளப் புள்ள எண்டு பிரஷர்ல பெரிய வித்தியாசம் இல்ல. பொம்புளப் புள்ளையள் 11, 12 வயசில, பெரியபிள்ளையாகிற காலத்தை ஒட்டி மளமளவெண்டு உசருவாங்க, அப்ப அவங்கட பிரஷரும் கொஞ்சம் ஏறி மறுகா ஒரு அளவில நிண்டிரும். பொடியன்மார் உசருறது 13, 14ல, குரல் உடையிற நேரம், அதுக்குப் பிறகும் மேல் நம்பர் ஏறிட்டே போய் 17, 18 வயசில பொம்புளப் புள்ளையள விட கிட்டத்தட்ட 10 கூட நிக்கும். உடம்பும் இதயமும் பெருக்கிறதால ஒரு துடிப்புக்கு தள்ளுற இரத்தம் கூடுது, டெஸ்டோஸ்டிரோன் எண்ட ஆண் ஹோர்மோன் சிறுநீரகத்த உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கப் பண்ணுது, பொம்புளப் புள்ளையளுக்கு ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் ஹோர்மோன் இரத்தக் குழாயத் தளர்த்தி வைக்குது. மாதவிடாய் நிண்ட பிறகு பொம்புளையளுக்கும் ஏறுறது அந்த ஈஸ்ட்ரோஜன் குறையிறதாலயும்தான்.

ஆனா உங்கட புள்ளையளுக்கு 30 வித்தியாசம் வருது, அத வயசு மட்டும் எண்டு விட ஏலாது. பிரஷர் பாக்கக் கையில சுத்துற பட்டி, அதான் கஃப், என்ன அளவு போட்டவங்க எண்டு கேளுங்க. பெரிய ஆக்களுக்குப் போடுற ஒரே கஃப்ப எல்லாருக்கும் சுத்துற இடம் நிறைய இருக்கு. மெலிஞ்ச கைக்கு அது பெரிசாப் போனா நம்பர் குறைச்சுக் காட்டும், மொத்தக் கைக்கு சின்னதாப் போனா கூட்டிக் காட்டும். மகன் கொஞ்சம் உடம்பு வச்சவன், மகள் ஒல்லி எண்டா இந்த ஒரு கஃப்பே வித்தியாசத்தப் பெருப்பிச்சுக் காட்டியிருக்கும். காத்து நிறையிற பை கையின்ட சுத்தளவில 80 வீதமாவது சுத்தி வரணும். டியூசனுக்கு வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்த கையோட பாக்க வேணாம், அஞ்சு நிமிசம் முதுகு சாஞ்சு, கால் நிலத்தில முட்ட இருந்து, பேசாம இருக்க விட்டுப் பாக்கச் சொல்லுங்க.

மகளுக்கு தலைச்சுத்து இல்ல எண்டா 98/62 நல்ல பிரஷர், லோ பிரஷர் எண்டு பேர் வச்சு புள்ளையப் பயப்படுத்தாதீங்க. சுத்தினா காலச் சாப்பாடு, தண்ணி, இரத்தத்தில இரும்புச்சத்து இதுகளத்தான் முதல்ல பாக்கணும்.

மகன்ட விசயத்தில எனக்கு கொஞ்சம் அக்கறை இருக்கு. 13 வயசுக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடுதான், மேல் நம்பர் 120க்குக் கீழ நல்லம், 120 தொடக்கம் 129 கவனிக்கணும், 130/80 அல்லது அதுக்கு மேல எண்டா கூடின பிரஷர். ஆம்புளப் புள்ளதானே எண்டு அந்தக் கோட்டத் தள்ளி வைக்க ஏலாது. மருந்து வேணாம், கருவாடு, மிக்சர் பக்கட், நூடில்ஸ் மசாலாத்தூள், எனர்ஜி டிரிங்க் எல்லாத்தையும் குறைங்க, பின்னேரம் பந்தடிக்க விடுங்க, ஆறு மாசத்தில திரும்பப் பாருங்க. வேற வேற நாள் மூண்டு தரம் 130க்கு மேல வந்தா கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க, மூத்திரமும் சோதிப்பாங்க. முகம் வீங்கி மூத்திரம் பிளேன்டீ நிறத்தில போனாலோ, கடும் தலையிடியோட கண் மங்கினாலோ அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, விடியட்டும் எண்டு பாக்காதீங்க.