சேம் சைடு கோலுக்கு அப்பால்: கோலாஷினாட்ஸ் கேள்வி பதில்

போஸ்னிய டிஃபெண்டர் சேயாத் கோலாஷினாட்ஸ் பற்றி மட்டும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: யூடியூபில் ஐந்து நிமிட தொகுப்பு வீடியோ பார்த்துவிட்டு டிஃபெண்டரை எடை போடாதீர்கள்.

ஓரக்கோடு: அண்ணே, பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் விழுந்த அந்த சேம் சைடு கோல் யார் தப்பு?

யார் தப்பும் இல்லை. 2014 ஜூன் 15. சுதந்திர நாடாக போஸ்னியா ஆடிய முதல் உலகக் கோப்பை, அதில் முதல் ஆட்டம், எதிரணி அர்ஜென்டினா. இடப்பக்கமிருந்து மெஸ்ஸி ஃப்ரீ கிக் அடிக்கிறார், அவர் அணியின் ரோஹோ தலையால் லேசாகத் தட்டிவிடுகிறார். பின்னால் ஓடி வந்த கோலாஷினாட்ஸின் காலில் பட்டு பந்து உள்ளே போகிறது. கோல்கீப்பர் பெகோவிச்சுக்கு நகரக்கூட நேரமில்லை. 2 நிமிடம் 8 விநாடி. உலகக் கோப்பை வரலாற்றில் அதிவேக சேம் சைடு கோல். அதற்கு முன் 2006இல் பராகுவேயின் கமார்ரா வைத்திருந்த சாதனை. ரோஹோ தலை வைக்கிற வரை பந்து ஒரு பாதையில் வருகிறது, வைத்த பிறகு வேறு பாதை. நடுவில் இருப்பவன் காலை எடுக்க அரை நொடிகூடக் கிடையாது. பையனுக்கு அப்போது 20 வயது. ஆட்டம் 2-1 என்று அர்ஜென்டினாவுக்கு முடிந்தது. போஸ்னியாவின் இபிஷேவிச் ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

பீரங்கி ரசிகன்: லண்டனில் கத்திக்காரர்களை வெறுங்கையோடு எதிர்த்தது இவர்தானே?

இவரேதான். 2019 ஜூலை, ஆர்சனலில் கூட ஆடிய ஓசிலின் காரை அவர்கள் மறித்தபோது. காரை விட்டு இறங்கி நேருக்கு நேர் நின்றார். பாதுகாப்பு காரணமாக இருவரும் சீசனின் முதல் ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்களேன்.

மூலைக்கொடி: ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். ஜெர்மனிக்கே ஆடியிருந்தால் அதே 2014இல் கோப்பையைத் தூக்கியிருப்பார். முட்டாள்தனமான முடிவு.

கார்ல்ஸ்ரூவில் பிறந்தவர், ஜெர்மன் ஜூனியர் அணிகளில் ஆடியவர், எல்லாம் சரி. ஆனால் அந்த உலகக் கோப்பையில் ஜெர்மனியின் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்க டிஃபெண்டர், யார்? ஹோவெடெஸ். ஜெர்மன் கிளப் ஷால்கேயில் கோலாஷினாட்ஸின் கேப்டன், தொழில்படி சென்டர் பேக், அதாவது நடு டிஃபெண்டர். ஒரு நிமிடம்கூட வெளியே வராமல் ஏழு ஆட்டமும் ஆடினார். இவரை எங்கே உட்கார வைத்திருப்பார்கள்?

மூலைக்கொடி: அதைத்தான் சொல்கிறேன்! சென்டர் பேக்கைக் கொண்டுபோய் லெஃப்டில் நிறுத்துகிற அளவுக்குப் பஞ்சம். இவருக்கு இடம் நிச்சயம்.

பஞ்சம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பஞ்சத்திலும் பயிற்சியாளர் லோவ் கூட்டிப்போன இளம் லெஃப்ட் பேக் டூர்முக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

ஓரக்கோடு: டூர்முக்கு மெடல் கிடைத்ததே அண்ணே!

கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய மெடலா, மெஸ்ஸிக்கு எதிராக மரக்கானாவில் 20 வயதில் தொடங்குவதா என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். 2013 நவம்பரில் செயின்ட் லூயிஸில் முதன்முதலாக போஸ்னியச் சட்டை போட்டபோதும் எதிரணி அர்ஜென்டினாதான்.

மூலைக்கொடி: உங்களுக்கு மெடல் வேண்டாம் என்றால் விடுங்கள். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

கேட்கலாம், நம்பர் கொடுங்கள். அடுத்தவர்.

இடதுகாலன்: லண்டன் கிளப் ஆர்சனலில் ஏன் நிலைக்கவில்லை?

நல்ல கேள்வி, கடைசியில் ஒன்று வந்தது. 2017இல் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் வந்தார். சீசன் தொடக்க ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டில் சென்டர் பேக் மெர்ட்டசாக்கர் அடிபட்டதும் உள்ளே வந்து, செல்சிக்கு எதிராக 82ஆவது நிமிடம் தலையால் முட்டி சமன் செய்தார். பயிற்சியாளர் வெங்கர் அப்போது பின்னால் மூவரை நிறுத்தி ஆடினார். இவர் விங் பேக், ஓரத்தில் மேலும் கீழும் ஓடுகிற ஆள். எல்லைக்கோடு வரை ஓடி, பந்தைத் தரையோடு பின்னுக்கு இழுத்துவிடுவார். அதுதான் இவர் சரக்கு. பின்வரிசை நாலு பேரானதும் கதை மாறியது. ஏறிப் போனவர் திரும்பி வருவதற்குள் முதுகுப் பக்கம் மைதானமே காலி. அதை மூட மூன்றாவது சென்டர் பேக் இல்லை. 2019இல் இன்னொரு லெஃப்ட் பேக் டியர்னி வந்ததும் இடம் போயிற்று. "டாங்க்" என்று கத்திய ரசிகர்களே பிறகு திட்டினார்கள். திட்ட வேண்டியது ஆளை அல்ல, நிறுத்திய இடத்தை. தொகுப்பு வீடியோவில் இது தெரியாது, மறுபடியும் சொல்கிறேன்.

கோல்கம்பம்: கத்தி சம்பவம் பற்றிச் சொல்லுங்களேன் சார்.

மேலே இருக்கிறது.

நீலவெள்ளை: ஷால்கேக்குத் திரும்பியது தவறா?

2021 ஜனவரியில் ஆர்சனலிலிருந்து கடனாக வந்து கேப்டன் பட்டையைக் கட்டினார். அணி 30 லீக் ஆட்டமாக வெற்றியே காணவில்லை. வெற்றியில்லாத ஆட்டங்களில் டாஸ்மானியா பெர்லின் கிளப்பின் பழைய சாதனை 31. ஹோஃபன்ஹைமை 4-0 என்று வென்று அந்த அவமானத்திலிருந்து தப்பினார்கள். சீசன் முடிவில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். ஒரு லெஃப்ட் பேக் வந்து அதைத் தடுத்திருக்க முடியாது.

பாஸ்மாஸ்டர்: ஃபேன்டசி டீமில் எடுக்கலாமா ப்ரோ?

தப்பான இடம், தம்பி.

இடதுகாலன்: இத்தாலிய கிளப் அட்டலாண்டாவில் எப்படி 30 வயதில் புத்துயிர்?

பிரெஞ்சு கிளப் மார்செய் வழியாக 2023இல் அங்கே போனார். அப்போதைய பயிற்சியாளர் காஸ்பெரினி இவரை மூவர் பின்வரிசையில் இடப்பக்க சென்டர் பேக் ஆக்கினார். அவர் முறையில் டிஃபெண்டர் இடத்தைக் காப்பதில்லை, ஆளைக் காக்கிறான். எதிரணி ஃபார்வர்டு நடுக்களத்துக்கு இறங்கினால் கூடவே போய் முதுகில் ஒட்ட வேண்டும். ஆளோடு மோதுவது இவருக்குப் பிடித்த வேலை. முதுகுப் பக்கம் பார்க்க வேண்டிய கவலையும் குறைவு. 2024 மே 22, டப்ளின் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் தொடக்க அணியிலேயே இருந்தார். அந்த சீசனில் அதுவரை எந்த ஆட்டத்திலும் தோற்காத ஜெர்மன் கிளப் லெவர்குசென் 0-3 என்று விழுந்தது. மூன்று கோலும் அட்டலாண்டாவின் லுக்மன் போட்டது, அதனால் படமெல்லாம் அவருடையது.

மூலைக்கொடி: யூரோப்பா லீக் மெடலும் உலகக் கோப்பை மெடலும் ஒன்றா?

இல்லை. ஆனால் இது களத்தில் ஆடி வாங்கியது.

புதுமுகம்: அந்தக் கத்தி விஷயம் உண்மையா அண்ணா?

இதோடு மூன்றாவது முறை. நிறுத்துகிறேன்.