காணாமல்போன படங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஒளிப்படங்களைச் சேமிப்பது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துத்தான் படங்களைத் தொகுத்துத் திருத்த உதவும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினேன். அப்பா எடுத்த பழைய படங்களின் ஸ்கேன்கள், நான் எடுத்தவை, பிள்ளைகளின் படங்கள் என எல்லாமே அதில்தான் இருந்தன. மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டதால் சென்ற வாரம் எல்லாக் கோப்புறைகளையும் ஒரு புதிய வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் இருந்தவற்றை அழித்துவிட்டேன். இப்போது லைட்ரூமைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புறையிலும் கேள்விக்குறி. படங்கள் சிறிதாகத் தெரிகின்றன, திருத்த முடியவில்லை. இத்தனை ஆண்டுகளின் திருத்தங்களும் போய்விட்டனவா? எல்லாவற்றையும் மறுபடி இம்போர்ட் செய்யச் (லைட்ரூமில் புதிதாகச் சேர்க்கச்) சொல்கிறார் நண்பர் ஒருவர். இந்த மென்பொருளே வேண்டாம், வருடவாரியாகக் கோப்புறை போட்டு வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பு வேறொரு மென்பொருளில் தமிழில் எழுதிய படக்குறிப்புகள் சில இப்போது ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. மீட்க வழியுண்டா?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திருத்தங்கள் எதுவும் போகவில்லை. கோப்புறைகளின் பெயர்களும் சிறிய படங்களும் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே சான்று. தயவுசெய்து மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் லைட்ரூம் அவற்றைப் புதிய படங்களாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளக்கூடும். பழைய பதிவுகள் கேள்விக்குறியோடு ஒருபுறம், திருத்தமில்லாத புதிய பதிவுகள் மறுபுறம் என்று ஒவ்வொரு படமும் இரண்டாகிவிடும். பிறகு அதைச் சீராக்குவது பெரும்பாடு. ‘சிங்க்ரனைஸ் ஃபோல்டர்’ என்ற கட்டளையையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். காணாமல்போன படங்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் ஒரு தேர்வு அதற்குள் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் சரி என்று அழுத்தினால், இப்போது பத்திரமாக இருக்கும் திருத்தங்கள் உண்மையிலேயே போய்விடும்.

லைட்ரூமுக்குள் உங்கள் படங்கள் என்றைக்குமே இருந்ததில்லை. நூலகத்தின் அட்டைப் பெட்டியில் நூல்கள் இருப்பதில்லை, எந்த நூல் எந்த அடுக்கில் என்ற விவரம்தான் இருக்கும். லைட்ரூமின் கேட்டலாக் கோப்பும் அப்படிப்பட்டதே. அது எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளம், அதாவது விவரங்களை ஒழுங்காகச் சேமித்துவைக்கும் கோப்பு. ஒவ்வொரு படத்துக்கும் அதன் முகவரி, நீங்கள் இட்ட குறிச்சொற்கள், படக்குறிப்பு, ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு’ என்ற கட்டளைகள் எல்லாம் எழுத்தாக அதில் பதிவாகியிருக்கும். மூலப்படத்தின் ஒரு புள்ளியைக்கூட மென்பொருள் மாற்றுவதில்லை. நீங்கள் லைட்ரூமுக்கு வெளியே கோப்புறைகளை நகர்த்தியதால் பதிவில் உள்ள முகவரி பழையதாகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

முதலில் லைட்ரூமை மூடிவிட்டு கேட்டலாக் கோப்பை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை ‘கேட்டலாக் செட்டிங்ஸ்’ பகுதியில் பார்க்கலாம். பிறகு வெளி டிஸ்க்கை இணைத்து, நீங்கள் பயன்படுத்துவது விண்டோஸ் என்றால், ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் சென்று அந்த டிஸ்க்குக்கு அடையாளமாக, ஆங்கில அகரவரிசையில் பின்னால் வரும் ஓர் எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு பென் டிரைவ் செருகியிருக்கும் நாளில் டிஸ்க்கின் எழுத்து மாறி, இதே கேள்விக்குறிகள் திரும்ப வரும். இதன் பிறகு லைட்ரூமைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோப்புறையின் மீது வலச்சொடுக்கி ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்து, புதிய இடத்தைக் காட்டுங்கள். தாய்க் கோப்புறை பட்டியலில் தெரியாவிட்டால் ‘ஷோ பேரன்ட் ஃபோல்டர்’ கொடுத்தால் வந்துவிடும். உள்ளமைப்பை நீங்கள் மாற்றாதவரை, மேலே ஒன்றைக் காட்டினால் கீழே உள்ளவை எல்லாம் தாமாகவே இணைந்துகொள்ளும். தனித்தனியாக விடுபட்டவற்றில் ஓர் ஆச்சரியக்குறி தெரியும், அதை அழுத்தியும் இடத்தைக் காட்டலாம். கோப்புகளின் பெயரை வெளியிலிருந்தே மாற்றியிருந்தால்தான் சிக்கல், ஒவ்வொன்றாகத்தான் காட்ட வேண்டியிருக்கும். இனிமேல் நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் லைட்ரூமுக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

கேள்விக்குறியைவிட என்னைக் கலங்கவைத்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. மாற்றிவிட்டு அழித்துவிட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் அப்பாவின் படங்கள் உட்பட எல்லாமே இன்று ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. அது கீழே விழுந்தால் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. லைட்ரூம் மூடும்போது ‘பேக்கப்’ எடுக்கவா என்று கேட்கிறதே என்று நினைக்கலாம். அது நகலெடுப்பது கேட்டலாக்கை மட்டுமே, படங்களை அல்ல. இந்த வாரமே இன்னொரு டிஸ்க் வாங்கி முழுதாக நகலெடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

கோப்புறைகளே போதும் என்ற நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரு படம் ஒரு கோப்புறைக்குள்தான் இருக்க முடியும். அம்மா மதுரைக்கோவிலில் நிற்கும் படத்தை அம்மாவின் கோப்புறையில் வைப்பீர்களா, மதுரையின் கோப்புறையிலா? கோப்புப் பெயர்களையும் நம்ப முடியாது. கேமராக்கள் பொதுவாகப் பின்பற்றும் விதிப்படி பெயரின் இறுதியில் நான்கே இலக்கங்கள். 9999 முடிந்ததும் எண் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும். சில ஆண்டுகள் படமெடுத்தவரிடம் ஒரே பெயரில் வெவ்வேறு படங்கள் நிச்சயம் இருக்கும். எடுத்த நாளையும் நேரத்தையும் முன்னால் வைத்துப் பெயர் மாற்றும் வசதி லைட்ரூமிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அந்த நண்பரின் பேச்சுக்குள் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. மென்பொருள் மறைந்துவிட்டால் என்ன ஆகும்? அப்படி மறைந்தவை முன்பும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் அபர்ச்சர் என்ற தன் ஒளிப்பட மென்பொருளைக் கைவிடுவதாக 2014இல் அறிவித்தது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. நம்மில் எத்தனையோ பேர் பயன்படுத்திய பிக்காசா என்ற படத்தொகுப்பு மென்பொருளை கூகுள் 2016 மார்ச்சில் நிறுத்தியது. பிக்காசாவில் எழுதிய படக்குறிப்புகள் ஜேபெக் கோப்புக்குள்ளேயே பதிவானதால் பிழைத்தன. நட்சத்திரக் குறிகள் கோப்புறையில் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பில் இருந்ததால், வேறு மென்பொருளுக்கு மாறியவர்கள் அவற்றை இழந்தார்கள். சந்தா முடிந்தாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், தேடலாம், ஏற்றுமதி செய்யலாம். படங்களைத் திருத்தும் ‘டெவலப்’ பகுதியும் ‘மேப்’ பகுதியும் மூடிக்கொள்ளும். இருந்தாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

நான் வற்புறுத்துவது இதைத்தான்: படத்தைப் பற்றி நீங்கள் எழுதியது படத்தோடு சேர்ந்து பயணிக்க வேண்டும். எல்லாப் படங்களையும் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்துங்கள். மேக் என்றால் கமாண்ட் விசை. ஜேபெக், டிஃப், டிஎன்ஜி வகைப் படக் கோப்புகளில் குறிச்சொற்களும் திருத்தக் கட்டளைகளும் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். கேமரா நிறுவனங்களின் ரா கோப்புகளுக்கு (கேமரா பதிவுசெய்த பதப்படுத்தாத தரவு) பக்கத்தில் அதே பெயரில், இந்த விவரங்களைத் தாங்கிய ஓர் எக்ஸ்எம்பி கோப்பு தோன்றும். அதை வேண்டாத குப்பை என்று அழித்துவிடாதீர்கள். இதைத் தானாகச் செய்யும் தேர்வும் கேட்டலாக் செட்டிங்ஸில் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாம் போன்ற படத்தொகுப்பு மென்பொருள்கள் அந்தக் குறிச்சொற்களையும் குறிப்புகளையும் படித்துக்கொள்ளும். ‘கலெக்‌ஷன்’ என்று நீங்கள் சேர்த்துவைத்த தொகுப்புகள் மட்டும் இவ்வாறு எழுதப்படுவதில்லை. முக்கியமான தொகுப்புக்கு அதே பெயரில் ஒரு குறிச்சொல்லும் கொடுத்துவிடுங்கள்.

இனி அப்பாவின் படங்கள். ஸ்கேன் செய்த கோப்பில் இருக்கும் தேதி பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாள்தான். 1974இல் எடுத்த படம் சென்ற வருடத்துப் படங்களோடு போய் நிற்கும். ‘எடிட் கேப்ச்சர் டைம்’ மூலம் மாற்றலாம். வருடம் மட்டும் தெரிந்தால் அந்த வருடத்தின் ஜனவரி 1 என்று இட்டு, சரியான நாள் தெரியவில்லை என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள். பெயர்களை எழுதும்போது ‘சித்தப்பா’, ‘பெரியம்மா’ என்று எழுதாதீர்கள். உங்களுக்குச் சித்தப்பாவாக இருப்பவர் உங்கள் மகளுக்குச் சின்னத் தாத்தா. அவளுடைய பிள்ளைகளுக்கோ அந்தச் சொல்லைக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியாது. முழுப்பெயர், தகப்பனார் பெயர், முடிந்தால் பிறந்த வருடம். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் குடும்பங்களில் வருடம் இல்லாமல் இருவரையும் பிரிக்கவே முடியாது. முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், திருத்தங்களை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். வண்ணத்தை அடுத்த வருடமும் சரிசெய்யலாம், பெயரைச் சொல்ல அவர்தான் வேண்டும்.

ஊர்ப்பெயர்களுக்கு லைட்ரூமின் குறிச்சொல்லில் இணைப்பெயர் சேர்க்கும் இடம் இருக்கிறது. திருச்சி என்று இட்டு, திருச்சிராப்பள்ளியை அங்கே சேர்க்கலாம். குறிச்சொற்களைச் சுருக்கமாக வையுங்கள். படக்கோப்புக்குள் குறிப்புகளைச் சேமிக்கும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகள்தான் இடம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனிக்கணக்கு. பழைய முறையை மட்டும் படிக்கும் மென்பொருளில் நீண்ட தமிழ்ச் சொற்றொடர் பாதியில் அறுந்துபோகும். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் படக்குறிப்பில் எழுதுங்கள்.

ஆங்கிலமாகத் தெரியும் குறிப்புகள் அழிந்தவை அல்ல. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் தட்டச்சு செய்த எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டின. கோப்பில் பதிவானது அந்த ஆங்கில எழுத்துதான். சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பாமினி என்ற எழுத்துரு வகையாக இருக்கும். தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் டிஸ்கி அல்லது டேப் என்ற பழைய குறியாக்க வகை. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. அந்தக் குறிப்புகளில் சிலவற்றை எதையும் திருத்தாமல் அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், எது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்