பழைய அமெரிக்கத் தேசபக்திப் பாடல்களை யூடியூபில் கேட்டால் போதாதா? அவற்றின் ஷீட் மியூசிக்கை, அதாவது மெட்டும் வரிகளும் அச்சான இசைத்தாளை, எதற்குத் தேடிப் பார்க்க வேண்டும்?

போதாது என்பதுதான் என் பதில். கேட்டால் மெட்டும் வரிகளும் கிடைக்கும், சரி. அந்தப் பாட்டை யார், எந்த நேரத்தில், என்ன படம் போட்டு யாருக்கு விற்றார்கள் என்பதெல்லாம் தாளில்தான் இருக்கிறது.

மேரிலாந்துக்குக் குடிவந்த புதிதில் பியானோ கற்க ஆரம்பித்திருந்தேன். வாசிக்க எளிதாக ஏதாவது கிடைக்கும் என்று ஒரு பழைய பொருள் கடையில் பழுப்பேறிய இசைத்தாள் கட்டு ஒன்றை வாங்கி வந்தேன். அதில் இருந்த இரண்டு தாள்கள்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தன. இரண்டின் மேல்மூலையிலும் பென்சிலில், ஒரே கையெழுத்தில், ஒரே பெண்ணின் பெயர்.

முதல் தாள் 1915-ல் வந்தது. ‘ஐ டிட்ன்ட் ரைஸ் மை பாய் டு பி எ சோல்ஜர்’, அதாவது என் பிள்ளையைச் சிப்பாயாக்கவா வளர்த்தேன் என்று ஒரு தாய் கேட்கும் பாட்டு. வரிகள் ஆல்ஃப்ரெட் பிரையன், இசை அல் பியாண்டடோசி. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை. அட்டையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா வளர்ந்த மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லா இடத்திலும் உள்ள எல்லாத் தாய்மார்களுக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருக்கிறது. இன்னொரு தாயின் பிள்ளையைச் சுட என் மகன் தோளில் துப்பாக்கியை வைக்க யாருக்குத் துணிச்சல் என்று அவள் கேட்கிறாள். ஆறரை லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இந்தப் பாட்டை வெளிப்படையாகவே சாடினார், தாய் தன் மகனைப் பெருமையோடு போருக்கு அனுப்பும் பதில் பாட்டுகளும் அதே வருடம் கடைக்கு வந்தன. போர் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் பியானோ ஸ்டாண்டில் நடந்திருக்கிறது.

இரண்டாவது தாள் ‘ஓவர் தேர்’, கடல் கடந்து போருக்குப் போகச் சொல்லும் பாட்டு. 1917 ஏப்ரல் 6-ல் அமெரிக்கா போர் அறிவித்தது, உடனே நியூயார்க் நாடக மேடைப் பாடலாசிரியர் ஜார்ஜ் எம். கோஹன் எழுதிவிட்டார். பல்லவியே ராணுவ பியூகிள் ஊதுவதுபோல மூன்று ஸ்வரங்களில் கிளம்பும். வாசித்துப் பார்த்தால் இரண்டாவது முறையிலேயே கை தானாகப் போய்விடுகிறது, அத்தனை எளிமை. போர் முடிவதற்குள் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரு பதிப்புக்கு அட்டைப்படம் வரைந்தவர் அப்போது இருபதுகளில் இருந்த, பின்னாளில் புகழ்பெற்ற ஓவியர் நார்மன் ராக்வெல். கூடாரத்துக்கு முன்னால் சிப்பாய்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள், ஒருவன் கையில் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம்.

இப்போது இரண்டு தாளிலும் பதிப்பாளர் பெயரைப் பாருங்கள். இரண்டுமே லியோ ஃபைஸ்ட், நியூயார்க். 1915-ல் தாயின் அழுகையை அச்சடித்து விற்ற அதே நிறுவனம்தான் கோஹனின் பாட்டை 25,000 டாலர் கொடுத்து வாங்கியது. அதோடு நிற்கவில்லை. அந்தப் போர் எதிர்ப்புப் பாட்டை எழுதிய பிரையனே 1917-ல் பிரான்சுக்காக அந்நாட்டின் பழைய வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை அழைக்கும் பாட்டுக்கு வரிகள் எழுதினார். பியாண்டடோசி, போருக்குப் போகிறவன் என்னைச் சிரித்த முகத்தோடு அனுப்பி வை என்று காதலியிடம் கேட்கும் பாட்டுக்கு இசையமைத்தார். இரண்டே வருடம்!

இதை வெறும் வியாபாரப் புத்தி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1917 ஜூனில் உளவுச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் ராஜத்துரோகச் சட்டம், போரை எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் வாங்கிய தாள்களில் பெயர் எழுதிய அந்தப் பெண், இரண்டு பாட்டையும் காசு கொடுத்து வாங்கி, இரண்டிலும் எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்று எண்கள் குறித்து, ஒரே வீட்டில் வாசித்திருக்கிறாள். அவளுக்கு மகன் இருந்தானா, அவன் போனானா என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். யூடியூப் இதைச் சொல்லாது.

வீட்டுக்கு வீடு தாள் போய்ச் சேர்ந்தது எப்படி என்றால், அப்போது வீட்டில் பாட்டு என்றாலே பெரும்பாலும் யாராவது உட்கார்ந்து வாசித்தால்தான் உண்டு. 1909-ல் மட்டும் அமெரிக்காவில் 3,60,000 பியானோக்களுக்கு மேல் தயாரித்தார்கள். பதிப்பாளர்கள் நியூயார்க்கின் மேற்கு 28-ம் தெருவில் கூட்டமாக இருந்தார்கள், அந்த இடத்துக்கு டின் பான் ஆலி என்று பெயர். புதுப் பாட்டைப் பியானோவில் வாசித்துக் காட்டி விற்கவே ‘சாங் பிளக்கர்’ என்று ஆட்களை வைத்திருந்தார்கள், பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் 15 வயதில் அந்த வேலைக்குத்தான் போனார். தாளிலேயே வேறு பாட்டின் முதல் சில வரிகளை அச்சிட்டு, இதை உங்கள் பியானோவில் வாசித்துப் பாருங்கள் என்றும் போட்டிருப்பார்கள்.

அப்புறம் தாளின் அளவு. போருக்கு முன் ஷீட் மியூசிக் பெரிதாக, கிட்டத்தட்ட 11-க்கு 14 அங்குலம் இருக்கும். 1918-ல் ஃபைஸ்ட் அதைச் சுமார் 7-க்கு 10 ஆகச் சுருக்கி, போர்க்காலத்தில் காகிதம் மிச்சப்படுத்தவே சிறிய அளவு என்று தாளிலேயே அச்சடித்தார். ஒரு பிரதி எப்போது அச்சானது என்று கணிக்க அளவுகோல் வைத்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் ‘தி ஸ்டார் ஸ்பாங்கிள்ட் பேனர்’, இன்றைய அமெரிக்க தேசிய கீதம். 1814-ல் பால்டிமோரில் தாமஸ் கார் இசையோடு அச்சிட்ட முதல் பதிப்பில், தேசபக்திப் பாடல் என்று போட வேண்டிய இடத்தில் ‘பேட்ரியாட்டிக்’ என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போய் ‘பேரியாட்டிக்’ என்று விழுந்துவிட்டது. முதல் பதிப்பை அடையாளம் காண சேகரிப்பவர்கள் இன்றும் தேடுவது அந்தப் பிழையைத்தான். மெட்டு லண்டனில் ஒரு சங்கத்துக்காக ஜான் ஸ்டாஃபோர்ட் ஸ்மித் போட்டது. சட்டப்படி தேசிய கீதமானது 1931-ல்தான், 117 வருடம் கழித்து.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த அட்டைகளில் நிறைய, பார்க்கவே வலிக்கும். வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடை நிகழ்ச்சிகளிலிருந்து வந்த பாட்டுகள் ஏராளம், தெற்கத்திய மாநிலங்கள் உள்நாட்டுப் போரில் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்ட ‘டிக்ஸி’ உட்பட. அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டு, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1900-ல் முதலில் பாடப்பட்ட, கறுப்பினத்தவரான ஜான்சன் சகோதரர்களின் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ எங்கே எப்படி அச்சானது என்று தேடுங்கள்.

பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பால்டிமோரில் லெஸ்டர் லெவி என்பவர் சேகரித்த சுமார் 30,000 தாள்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, காப்புரிமை தீர்ந்தவற்றை அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1915-ஐயும் 1917-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு இருந்தால் இரண்டையும் வாசித்தும் பாருங்கள், பல்லவி மட்டும் போதும்.