வேர் சிகிச்சை கற்க வார இறுதி வகுப்பில் சேரலாமா?

கேள்வி: பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொத்தைப் பல் அடைப்பது, ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை) இரண்டையும் அடிப்படையிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். வெளியில் நடக்கும் வார இறுதிப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா? கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது போதுமா?

பதில்: இப்போது சேராதீர்கள். ஹவுஸ் சர்ஜன் வருடம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். வீட்டில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கும். சீனியர் யாராவது ரோட்டரி ஃபைல் (வேருக்குள் விட்டுச் சுரண்டும், மோட்டாரில் சுழலும் மெல்லிய அரம்) போட்டு முடித்த எக்ஸ்ரேவை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். உங்களுக்கோ கல்லூரியில் முடித்துக் காட்ட வேண்டிய கோட்டாவுக்கு நல்ல கேஸ் கிடைப்பதே பாடாக இருக்கும். நாம் பின்தங்கிவிட்டோமோ என்ற பயத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. என்னிடம் இன்டர்ன்ஷிப் வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்பு நடத்தும் சக மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிளினிக் வைத்த பிறகு நானும் அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன், பலன் இருந்தது. ஏற்கெனவே கை பழகியவருக்கு அது பயன்படும். பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத கையில் மோட்டாரைக் கொடுத்தால் ஃபைல்தான் உடையும். "வெறும் பி.டி.எஸ். படித்தவர் எண்டோ (வேர் சிகிச்சைத் துறை) பற்றிப் பேசலாமா" என்று எம்.டி.எஸ். முடித்தவர்கள் கேட்கலாம். நான் பேசுவது அடிப்படையை மட்டும். சிக்கலான கேஸை நானும் அவர்களிடம்தான் அனுப்புகிறேன்.

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் கான்ஸ் துறையில் (பல் அடைப்பதும் வேர் சிகிச்சையும் கற்றுத்தரும் துறை) ஒரு மேடம் இருந்தார். பேஷன்ட் வாயில் கை வைக்கும் முன் பிடுங்கிய பற்களைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்வார். அதுவும் குத்துமதிப்பாக அல்ல. கிளிப் போடுவதற்காக எடுக்கும் முன்கடைவாய்ப் பற்கள் சொத்தை இல்லாமல் முழுசாக இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கு என்பார். கடைவாய்ப் பல்லில் வேர் உடையாமல் வந்தது மட்டும் வேண்டும். சர்ஜரி துறையில் அனுமதி வாங்கி, ஃபார்மலின் ஊற்றிய பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வருவோம். பாதரசக் கலவையான அமால்கம் அடைத்த பல்லை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) போடக் கூடாது, சூட்டில் பாதரச ஆவி வரும் என்பதையும் அங்கேதான் கற்றேன். இப்போதும் சில லேப்களில் இதைக் கவனிப்பதில்லை.

முதல் வேலையாக ஒவ்வொரு பல்லையும் இரண்டு பக்கத்திலிருந்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வாயில் எடுப்பது போலக் கன்னத்துப் பக்கத்திலிருந்து ஒன்று, பல்லைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒன்று. கீழ் முன்கடைவாய்ப் பல் ஒன்று, முதல் படத்தில் நேராக ஒரே கோடாகத் தெரிந்த கேனால் (வேருக்குள் ஓடும் குழாய்), பக்கவாட்டுப் படத்தில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து போனது. பேஷன்ட் வாயில் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் அந்த இரண்டாவது படம் கிடைக்காது. எக்ஸ்ரே வெறும் நிழல் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அது உறைத்தது.

அடுத்தது பல்லைக் கண்ணாடி மாதிரி ஆக்குவது. இதைக் கட்டாயம் ஒரு தடவையாவது செய்யுங்கள். மேலிருந்து துளையிட்டு ஆக்சஸ் திறந்து, உள்ளே இருக்கும் கூழ் (நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள சதை) கரையும்வரை ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஊறவிட்டு, கழுவி, ஊசியால் கறுப்பு மை ஏற்ற வேண்டும். பிறகு 5% நைட்ரிக் அமிலத்தில் போட்டு, தினமும் அமிலத்தை மாற்றிச் சுண்ணச்சத்து முழுவதையும் எடுக்க வேண்டும். பல் ரப்பர் போல வளையும். கழுவிவிட்டு, ஆல்கஹாலில் படிப்படியாக அடர்த்தியைக் கூட்டி நீரை இழுத்துவிட்டு, கடைசியில் மீத்தைல் சாலிசிலேட்டில் போட வேண்டும். மூட்டுவலித் தைலத்தில் அடிக்குமே, அதே வாசனை. லேப் முழுக்க அந்த வாசனை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லின் வெள்ளை விலகி, தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிய ஆரம்பித்தது. உள்ளே மை ஏறிய கேனால்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் இரண்டு கேனால்கள், அவற்றுக்கு நடுவே ஒரு மெல்லிய திரை போல மை படர்ந்திருந்தது. வேர் நுனிக்குச் சற்று மேலே மயிரிழைக் கிளைகள். எந்த ஃபைலும் அந்த இடத்துக்குப் போகாது.

"இதைக் கையில வச்சுப் பாரும்மா. நாளைக்கு இதுக்குள்ளதான் கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை செய்யப் போற" என்றார் மேடம்.

ஃபைல் தொடாத இடத்தை மருந்துதான் தொட வேண்டும் என்று அந்தப் பல்லைப் பார்த்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைல் போடுவது மருந்து போக வழி செய்வதற்கு. சுத்தம் செய்வது ஹைப்போகுளோரைட். 1984-இல் வெர்டுச்சி என்ற ஆய்வாளர் 2,400 பற்களை இதே முறையில் தெளிய வைத்துப் பார்த்துத்தான் கேனால் அமைப்பை 8 வகையாகப் பிரித்தார். அந்த 8 படங்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். நாலைந்து பல்லை நீங்களே தெளிய வைத்துப் பாருங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

ரப்பர் டேம் (சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் விரிப்பு) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 1864-இலேயே பார்னம் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்த பொருள். "நேரமாகும், பேஷன்ட் ஒத்துக்க மாட்டார்" என்று இன்றும் காரணம் சொல்கிறார்கள். 1965-இல் ககேஹாஷி என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் எலிகளை வைத்துச் செய்த சோதனையைப் படித்துப் பாருங்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலியின் பல்லைத் துளைத்து, கூழ் வெளியே தெரியும்படி விட்டார்கள். தீனித் துணுக்கு உள்ளே ஏறி அடைத்தும் கூழ் சாகவில்லை. மேலே புது டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் பகுதி) மூடி, தானாக ஆறியது. சாதாரண எலிகளுக்கு அதே துளையில் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் பிடித்தது. துளை ஒன்றுதான், வித்தியாசம் கிருமி மட்டும். எச்சிலில் கிருமி இருக்கிறது. எச்சில் ஊறும் பல்லில் என்ன விலை ஃபைல் போட்டாலும் பயனில்லை. அதோடு, கை நழுவிய ஃபைல் தொண்டைக்குள் போகாமல் தடுப்பதும், ஹைப்போ வாயில் வழியாமல் காப்பதும் அதே ரப்பர்தான்.

அடைப்பதற்கும் பிடுங்கிய பல்லே குரு. ஸ்பூன் எக்ஸ்கவேட்டரைக் கையில் எடுத்துச் சொத்தையைச் சுரண்டிப் பழகுங்கள். அதிவேகமாகச் சுழலும் ஏரோட்டர் எடுத்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகப் போகும், கைக்கு வித்தியாசம் தெரியாது. ஈரத்தோடு செதிலாக உரிவது போக வேண்டும். கறுத்திருந்தாலும் கீறினால் கிரீச்சென்று கெட்டியாக நிற்பதை விட்டுவிடலாம். ஜி.வி. பிளாக் என்ற அந்தக் காலப் பல் மருத்துவ ஆசானின் காலத்தில் அமால்கம் நிற்பதற்காகவும், சொத்தை மீண்டும் வராமல் இருப்பதற்காகவும் நல்ல பல்லையும் சேர்த்து அகலமாக வெட்டினார்கள். அவருடைய சொத்தை வகைப்பாட்டைப் பரீட்சையில் எழுதுங்கள், வெட்டும் அளவை அவரிடம் எடுக்காதீர்கள். 1955-இல் புவனகோர் என்ற ஆய்வாளர் எனாமலில் அமிலம் தடவிப் பிசினை ஒட்ட வைத்த பிறகு கதை மாறிவிட்டது.

பல் நிறப் பிசினான காம்போசிட் அடைத்த பல்லை வைத்து இப்படிச் செய்து பாருங்கள். அடைத்த ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு மீதிப் பல் முழுக்க நெயில் பாலிஷ் பூசி, மெத்திலீன் புளூ சாயத்தில் ஒரு நாள் ஊறவிட்டு, நடுவில் அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் எவ்வளவு தூரம் நீலம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காகத் திணித்தால், 37% அமிலத்தைச் சரியாகக் கழுவாவிட்டால், டென்டினைக் காற்றடித்து வறட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த நீலக் கோடு சொல்லிவிடும். எந்த வகுப்பிலும் உங்கள் வேலையை அறுத்துக் காட்ட மாட்டார்கள்.

இதெல்லாம் பிற்பாடு எனக்கு எங்கே உதவியது என்று ஒன்று சொல்கிறேன். பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். மேல் கடைவாயில் முதல் பல். வேறு இடத்தில் வேர் சிகிச்சை முடித்து, கேப்பும் போட்டிருந்தார். "டாக்டரம்மா, இட்லி மென்னாக்கூட விண்ணுனு தெறிக்குது. பிடுங்கிருங்க, நிம்மதியா வண்டி ஓட்டணும்" என்றார். நேர் எக்ஸ்ரேயில் மூன்று வேரிலும் ஜி.பி. (கேனாலை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) அழகாக நின்றது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்ரே குழாயைச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தேன். முன்பக்கக் கன்ன வேரில் ஜி.பி. நடுவில் இல்லை, ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. வேரின் மீதி அகலம் சும்மா இருக்காது, அங்கே இன்னொரு கேனால் இருக்க வேண்டும். எம்.பி. டூ என்று நாம் சொல்லும் அந்த நாலாவது கேனால் இந்தப் பல்லில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு.

கேப்பை எடுத்து, ரப்பர் டேம் போட்டு, லூப்ஸில் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) பார்த்தேன். முதல் கேனால் வாயிலிருந்து அண்ணத்துப் பக்கமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அதன் மேல் டென்டின் விளிம்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீளக் கழுத்து பர் வைத்து அதைத் துளித்துளியாக எடுத்து, ஹைப்போ ஊற்றிக் காத்திருந்தேன். ஒரு புள்ளியிலிருந்து மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. உள்ளே கரையாத கூழ் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ப்ளோரர் முனை அங்கே கடித்தது. மிக மெல்லிய 8-ஆம் நம்பர் ஃபைல் இறங்கியது. சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து அனுப்பி, அடுத்த வரவில் அடைத்துப் புதுக் கேப் போட்டேன். அந்தப் பல் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. முதலில் செய்தவரை நான் குறை சொல்லவில்லை. அந்த விளிம்புக்குக் கீழே இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. பிடுங்கிய பல்லை நூறு முறை அறுத்துப் பார்த்த கைக்கு, அங்கே தேட வேண்டும் என்று மட்டும் தெரியும்.

அந்த ஓட்டுநர் பிடுங்கிவிடச் சொன்னாரே, அதிலும் ஒரு வேதனை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து சீழ் பிடித்த பல்லை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு என்று வாரத்துக்கு எத்தனை பேருக்குச் சொல்கிறேன் என்று கணக்கே இல்லை.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து வரும் பிள்ளைகளுக்குக் கிளினிக்குகளில் கொடுக்கும் சம்பளம் அறை வாடகைக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போகிறது. அதற்கும் மேலே, மாதத்துக்கு இத்தனை ஆர்.சி.டி. காட்ட வேண்டும் என்று இலக்கு வைக்கும் இடங்கள் இருக்கின்றன. குளிர்ச்சி பட்டதும் கூசி உடனே நின்றுவிடும் பல்லுக்கு அடைத்தால் போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்து, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால்தான் வேருக்குப் போக வேண்டும். இலக்கைத் துரத்தும் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்ய யாரும் நேரம் தருவதில்லை. அரசு மருத்துவப் பணிக்கான எம்.ஆர்.பி. தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக் காத்து, அந்த இடங்களிலேயே நல்ல பிள்ளைகள் ஓய்ந்துபோகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது போதுமா என்றால், சொல்லிக்கொடுப்பது போதாது, அங்கே இருப்பது போதும். பல், எக்ஸ்ரே, லேப், பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஒரு ஆசிரியர், எல்லாம் கட்டிய ஃபீஸிலேயே இருக்கிறது. முதல் கேஸ்களை ரோட்டரி இல்லாமல் கை ஃபைலில் செய்யுங்கள். 10-ஆம் நம்பர் தானாக இறங்கும்வரை பெரியதைத் தொடாதீர்கள். ஹைப்போவைப் பக்கவாட்டு ஓட்டை உள்ள ஊசியில், ஊசி கேனாலில் சிக்காதபடி, மெதுவாக விடுங்கள். அழுத்தி விட்டால் வேர் நுனியைத் தாண்டிப் போய் முகம் வீங்கிவிடும்.

வகுப்புக்கென்று எடுத்து வைத்த பணம் கையில் இருந்தால் ஒரு லூப்ஸ் வாங்குங்கள். 2.5 மடங்கு பெரிதாக்கினால் இப்போதைக்குப் போதும். ஆன்லைனில் விலை பார்த்து ஆர்டர் போடாமல், நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கும் பேஷன்ட் வாய்க்கும் உள்ள தூரத்தை அளந்து, அதற்கேற்றதாகக் கேட்டு வாங்குங்கள். தூரம் குறைவாக இருந்தால் குனிந்து குனிந்து கழுத்து வலி வந்துவிடும்.